சீசன் டிக்கெட்: பத்து மாசம் பயன்படுத்திய பிறகு எழுதும் ரிவ்யூ

பொருள்: சென்னை மின்சார ரயிலில் குரோம்பேட்டை – கிண்டி, இரண்டாம் வகுப்பு, மாத சீசன். விலை நூறு ரூபாய்ச் சொச்சம். மாசம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். இதை எதற்குப் பதிலாக வாங்கினேன் என்று சொன்னால்தான் ரிவ்யூவுக்கே அர்த்தம் வரும்: இன்னும் மூன்று வருஷம் இ.எம்.ஐ. பாக்கி இருக்கிற, ஏ.சி. நன்றாக வேலை செய்கிற, வீட்டுக்குக் கீழேயே நிற்கிற ஒரு காருக்குப் பதிலாக.

வீடு அஸ்தினாபுரம். ஆபீஸ் தேனாம்பேட்டை, டி.எம்.எஸ். மெட்ரோ ஸ்டேஷன் பக்கம். காரில் பதினேழு கி.மீ. வரும். எம்.ஐ.டி. பாலம் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, கத்திப்பாரா தாண்டி அண்ணா சாலையில் நேராக விட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தைந்து நிமிஷம். திங்கட்கிழமை காலையில் அதே ரோடு ஒரு மணி நேரமும் ஆகும், ஒன்றே முக்காலும் ஆகும், எது என்று கத்திப்பாரா வரும் வரை தெரியாது. 2024-இல் தேனாம்பேட்டை – சைதாப்பேட்டை மேம்பால வேலை ஆரம்பித்ததும் கதை முடிந்தது. 3.2 கி.மீ. பாலம், அதுவும் கீழே மெட்ரோ சுரங்கம் போகிற ரோட்டின் மேல். அதாவது தலைக்கு மேல் பாலம் எழும்புகிறது, பாதாளத்தில் ரயில் ஓடுகிறது, நடுவில் நான் கிளட்சை மிதித்துக்கொண்டு முதல் கியரில். ஒரு நாள் சாயங்காலம் நந்தனம் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் மூன்று வாழைப்பழத்தை நிதானமாக உரித்துச் சாப்பிட்டு, தோலைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, கையையும் துடைத்துக்கொண்டார். அதுவரைக்கும் ஒரு அடிகூட நகரவில்லை. அடுத்த வாரம் சீசன் எடுத்தேன்.

முதலில் நல்ல விஷயம். ரயில் அருமை. இதை ரயிலில் வளர்ந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், பீச் – தாம்பரம் பாதையில் 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டியவனுக்கு அது புதுசுதான். குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, அவ்வளவுதான், ஏறக்குறைய இருபது நிமிஷம். மீனம்பாக்கம் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கிற கார் வரிசையை ஜன்னல் வழியே பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது கொஞ்சம் அற்பமான சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன், பத்து மாசமாகியும் குறையவில்லை.

உட்கார இடம் கிடைக்காது. கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், அந்த நேரத்தில் தாம்பரத்திலேயே நிரம்பி வரும். பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் "பையைக் கொஞ்சம் முன்னாடி போடுங்க சார்" என்று சொல்வார், ரெண்டாவது தடவை "சார்" இருக்காது. கிண்டியில் எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆனது. அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன், ஏற்கெனவே அங்கே போதுமான கூட்டம் இருக்கிறது.

வசதி வேண்டும் என்பவர்களுக்கு 2025 ஏப்ரலில் இருந்து இதே பாதையில் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண சீசனை வைத்துக்கொண்டு அதில் ஏறக் கூடாது. நான் ரெண்டு தடவை காசு கொடுத்துப் போய்ப் பார்த்தேன், ஜோர்தான், ஆனால் அதன் நேரமும் என் நேரமும் பொருந்தவில்லை.

கிண்டியில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே. படி ஏறி இறங்கி ஐந்தாறு நிமிஷ நடை. டிக்கெட்டை மொபைலில் க்யூ.ஆர். ஆக எடுத்தால் இருபது சதவீதம் தள்ளுபடி, எனக்குப் போக வர ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. சின்னமலை வரை மேலே ஓடுகிற ரயில் அப்புறம் பூமிக்குள் இறங்கும். அந்த இடத்தில்தான் நான் சட்டைக் காலரைச் சரி செய்து, வேர்வையைத் துடைத்து, ரயில் ஆளிலிருந்து ஆபீஸ் ஆளாக மாறுவேன். சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, டி.எம்.எஸ். வாழைப்பழ சிக்னலுக்கு அடியில் போகிறபோது மனசுக்குள் ஒரு சலாம்.

வீட்டு வாசலில் இருந்து ஆபீஸ் லிஃப்ட் வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தைந்து நிமிஷம், அதிகம் போனால் எழுபத்தைந்து. காரை விடப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, சில நாள் கார்தான் சீக்கிரம் போகும். ஆனால் ஒன்பதரை மீட்டிங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். காரில் அது தெரியவே தெரியாது.

இப்போது ஸ்டாண்ட். இந்த ரிவ்யூவில் முழு மார்க் வாங்குவது ரயில் இல்லை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற வண்டி ஸ்டாண்ட்தான். வீட்டில் இருந்து ஸ்டேஷன் மூன்று கி.மீ. நடக்கவும் முடியாது, தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியும் ஆகாது. அப்பாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று சும்மா கிடந்தது, அதை எடுத்துச் சரி பண்ணிக்கொண்டேன். தகரக் கூரை பாதி, வானம் பாதி என்று ஒரு ஸ்டாண்ட். அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். மாச பாஸ் என்பது ஒரு மஞ்சள் அட்டை, அதில் தேதி எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. முதல் வாரம் டோக்கன் கிழித்துக் கொடுத்தார், அப்புறம் அதுவும் இல்லை. நான் வண்டியை நிறுத்துவதற்குள் "எட்டு பன்னெண்டு போயிடுச்சு தம்பி, மெதுவாப் போ, அடுத்தது வரும்" என்பார். நான் மொபைலில் ரயில் நேரம் பார்க்கிறவன், அவர் காதால் பார்க்கிறவர். நவம்பரில் ஒரு நாள் பகல் முழுக்க மழை. சாயங்காலம் வந்து பார்த்தால் என் எக்ஸ்.எல். சீட்டின் மேல் ஒரு சிமென்ட் சாக்கைக் கவிழ்த்துச் சுற்றிலும் சணல் கட்டியிருக்கிறது. வரிசையில் மாச பாஸ்காரர்கள் வண்டிக்கு மட்டும் சாக்கு. நான் காசு நீட்டினேன். "சாக்கைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ, அது போதும்" என்றார்.

எக்ஸ்.எல்.லிலேயே ஆபீஸுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: கத்திப்பாராவில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

சரி, கெட்டது.

ரயிலும் மெட்ரோவும் சேர்ந்து அரை மணி நேரம்தான். மிச்ச நேரம் எல்லாம் ரெண்டு முனையிலும் போகிறது, கஷ்டமும் அங்கேதான். மெட்ரோவில் ஏ.சி.யில் நின்று, எஸ்கலேட்டரில் ஏறி, ராஜா மாதிரி வெளியே வந்தால் ஆபீஸ் வரைக்கும் முக்கால் கி.மீ. நடக்க வேண்டும். நடைபாதை ஆரம்பிக்கும், முப்பது அடியில் டிரான்ஸ்பார்மர். இறங்கி ஏறினால் பைக் வரிசை. அதைத் தாண்டினால் டீக்கடை ஸ்டூல், அங்கே நிற்பவர்களைச் சொல்லியும் குற்றம் இல்லை, அவர்களும் வேறு எங்கே நிற்பார்கள். அப்புறம் யாரோ எதற்கோ தோண்டி, மூடி, பாதி மறந்து போன பள்ளம். மே மாசம் காலை ஒன்பது மணிக்கு அந்த முக்கால் கி.மீ. நடந்தால் முதல் மீட்டிங்கில் யார் பக்கத்திலும் உட்கார மனசு வராது. ஆபீஸ் டிராயரில் ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு ஜோடி சாக்ஸ் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் காரில் வருகிறவனுக்குப் பார்க்கிங் இலவசம், பெட்ரோல் பில் கொடுத்தால் பணம். ரயிலில் வருகிறவனுக்கு? எச்.ஆரில் கேட்டேன். "அப்படி ஒரு செலவு ஹெட் இல்லையே சார்" என்றார்கள். சட்டை மாற்ற ஓர் அறை கேட்டேன், ரெஸ்ட் ரூமைக் காட்டினார்கள்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கார் வைத்திருப்பவர்கள் "மழைக்குக் கார்தான் சேஃப்" என்று சொல்கிறபோது எனக்கு வேளச்சேரி மேம்பாலம்தான் ஞாபகத்துக்கு வரும். 2024 அக்டோபரில் மழை வருகிறது என்று சொன்னதுமே ஜனங்கள் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்களே. அந்த நாளில் கார் நம்மைக் காப்பாற்றவில்லை, நாம்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். (மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற காருக்கு ஆன ரிப்பேர் செலவை என் மச்சானிடம் கேட்டால் இன்னும் ஒரு நிமிஷம் பேச மாட்டார்.)

உண்மையான அடி ராத்திரியில் விழும். மெட்ரோ பதினொரு மணியோடு சரி. மாசத்தில் ஒரு நாளாவது எனக்கு வேலை அதைத் தாண்டும். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு வெளியே வந்து ஒரு கால் டாக்ஸி ஆப்பில் புக் பண்ணினேன். முதல் டிரைவர் "எங்க சார் டிராப்?" என்று கேட்டுவிட்டு கேன்சல். ரெண்டாவது ஆள் கேட்கவே இல்லை, நேராக கேன்சல். மூன்றாவது ஆள் வந்தார், ஆப்பில் காட்டியதற்கு மேல் நூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். குரோம்பேட்டையில் ஸ்டாண்ட் பூட்டியிருக்கும், எக்ஸ்.எல். உள்ளே. மறுநாள் காலையில் வண்டி எடுக்க ஒரு ஆட்டோ. காரில் வந்திருந்தால் அந்த ராத்திரி அரை மணி நேரத்தில் வீடு.

இன்னொரு நாள் மதியம் ரெண்டு மணிக்குப் பெண்ணின் ஸ்கூலில் இருந்து போன், காய்ச்சல், கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நான் டி.எம்.எஸ்.ஸில் இருந்து மெட்ரோ, ரயில், எக்ஸ்.எல். என்று மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி பல்லாவரத்தில் இருந்து பஸ் பிடித்துப் போய்ப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். காரில் போயிருந்தாலும் அந்த நேரத்துக்கு அதற்குள் போயிருக்க முடியாது. ஆனால் கையில் ஸ்டியரிங் இருந்தால் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றும், பிளாட்பாரத்தில் நிற்கிறபோது ஒன்றும் செய்யாமல் நிற்கிற மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் நான் காருக்கு இ.எம்.ஐ. கட்டுவதே இந்த மாதிரி நாளுக்குத்தான். வருஷத்தில் நாலு நாள் வருகிற அவசரத்துக்காக மிச்ச முந்நூறு நாளும் அதில் போய்க்கொண்டிருந்தேன்.

மனைவி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிறேன் என்றதும் அவள் சொன்னது: "நான் பன்னெண்டு வருஷமா பஸ்ல போறேன், என்னை யாரும் ரிவ்யூ எழுதச் சொல்லலையே." நியாயம்தான். 2021 மே மாசத்தில் இருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அவளுடைய பயணச் செலவு சுழியம். இந்த ஊரில் பெரும்பாலான பேர் காரை விட வேண்டிய அவசியமே இல்லாமல் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். காரை விடுவது கஷ்டம் என்பது என்னைப் போல வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் புலம்பல்.

மாட்டிக்கொண்டவன் காரை விட்டால் ஊர் சும்மா விடுமா. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் முதல் மாசம் முழுக்க "கார் ரிப்பேரா சார்?" என்று கேட்டார். மாமனார் போனில் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வேலையில எதுவும் பிரச்சினை இல்லையே மாப்ளே?" என்றார்.

பணக் கணக்கு. காரில் ஒரு நாளைக்கு முப்பத்து நாலு கி.மீ., இந்த டிராஃபிக்கில் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தால் பெரிசு, ஆக மூன்று லிட்டர், முந்நூறு ரூபாய்க்கு மேல். மாசம் ஆறாயிரத்து எழுநூறு வரும். இப்போது சீசன், மெட்ரோ, ஸ்டாண்ட், எக்ஸ்.எல். பெட்ரோல் எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ராத்திரி டாக்ஸிக்கு ஒரு ஆயிரம் தள்ளினாலும் மாசம் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இ.எம்.ஐ. நின்றதா? இன்சூரன்ஸ் குறைந்ததா? கார் ஓடினாலும் நின்றாலும் அவை ஓடும். வாங்கியாகிவிட்டது, இனி பெட்ரோல் மட்டும்தானே செலவு என்றுதான் மனசு கணக்குப் போடும், அதனால்தான் ஒரு தடவை வாங்கியவன் வெளியே வர முடிவதில்லை. அதோடு இன்னொரு கூத்து: மூன்றாவது மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போக காரை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. மெக்கானிக் வந்து ஜம்ப் பண்ணிவிட்டு, "வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் ஓட்டுங்க சார், சும்மா நிறுத்தினா இப்படித்தான்" என்றார். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் காரில் ஆபீஸ் போகிறேன். காரணம் கேட்டால் பேட்டரி என்கிறேன்.

கடைசியாக ஒரு தடை, யாரும் சொல்லாதது: பார்க்கிங் ஸ்லாட். ஆபீஸ் பேஸ்மென்ட்டில் எனக்கு ஒன்று இருக்கிறது, அதற்காக ரெண்டு வருஷம் காத்திருந்தேன். அட்மினில் விசாரித்தபோது "சரண்டர் பண்ணினா மறுபடி க்யூல கடைசியிலதான் நிப்பீங்க" என்றார்கள். பத்து மாசம் ரயிலில் போகிற வீரன், அந்த ஸ்லாட்டை இன்னும் விடவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை என் டீமில் ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை என்னுடையது. அதாவது நான் விட்ட காருக்குப் பதிலாக அதே இடத்தில் இன்னொரு கார் வருகிறது. ஊருக்கு ஒரு கார்கூடக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் காரை விடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நண்பன் ஒருவனுக்கு வீடு மேடவாக்கம், வேலை சிறுசேரி சிப்காட். அவன் வழியில் தண்டவாளமே இல்லை. ஓ.எம்.ஆரில் மெட்ரோ தூண்களைப் பார்த்துக்கொண்டே போகிறான். மொத்தம் 118.9 கி.மீ. ரெண்டாம் கட்டம், அதில் மாதவரம் – சிப்காட் தடம் அவன் ஆபீஸ் வாசலுக்கே வரப் போகிறது, அந்த வேலைக்காகத்தான் 2021-இல் பெருங்குடி டோல்கேட்டில் வசூலையே நிறுத்தினார்கள். வரும் வரைக்கும்? கம்பெனி பஸ் உண்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடும், அவன் கிளையன்ட் அமெரிக்காவில் அப்போதுதான் எழுந்து பல் விளக்குவான். என் வீடும் ஆபீஸும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அமைந்தது என் சாமர்த்தியம் இல்லை, வீடு வாங்கும்போது தண்ணீர் நிற்குமா என்று மட்டும்தான் கேட்டேன்.

மார்க்: ரயிலுக்குப் பத்துக்கு எட்டு. மெட்ரோவுக்கு எட்டரை. மெட்ரோ வாசலில் இருந்து ஆபீஸ் வரையான நடைக்கு மூன்று, அதுவும் வழியில் இருக்கிற வேப்ப மரத்துக்காக. ஸ்டாண்டுக்குப் பத்துக்குப் பத்து. என் ஆபீஸுக்கு மார்க் போட்டால் அப்ரைசலில் எனக்குத் திரும்பி வரும், விட்டுவிடுகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கார் தானாக ரிசர்வ் லைட் போட்டுக் காட்டும், சீசன் காட்டாது. ஜூலையில் சீசன் முடிந்து மூன்று நாள் ஆனது தெரியாமல் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தேன். கிண்டியில் டி.டி.ஆர். கேட்டார், எடுத்து நீட்டினேன், தேதியைக் காட்டிச் சிரித்தார். 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டிக்கெட் காசு. தப்பு முழுக்க என் மேல்தான், ரெண்டரை மாச சீசன் காசு அங்கே போனது. இப்போதைய சீசன் வருகிற பதினாலாம் தேதி முடிகிறது. இந்தத் தடவை மூன்று மாசத்துக்குச் சேர்த்து எடுக்கப் போகிறேன், ஸ்டாண்ட் அம்மாவின் மஞ்சள் அட்டையிலும் அதே தேதியை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.